73 டிகிரி சைக்கிள் ஃபிரேம் ஈசிஆருக்குச் சரிவருமா?

மஞ்சக்குப்பத்தான்: 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் பயணம்) ஓட்ட ஆசை. கடலூரிலிருந்து புதுச்சேரி தாண்டி மரக்காணம் வரை பயிற்சி, ஞாயிறானால் ஆரோவில் செம்மண் பாதை. பிடித்துப்போன ஃபிரேமில் ஹெட் ஆங்கிள் (ஃபிரேமின் முன்குழாய் தரையோடு செய்யும் கோணம்) 73 டிகிரி, சேன்ஸ்டே (பெடல் அச்சிலிருந்து பின்சக்கர அச்சு வரையுள்ள நீளம்) 410 மி.மீ. ரேஸ் ஃபிரேம், துள்ளும் என்கிறார்கள். வாங்கலாமா?

உப்பளம்_ரைடர்: வேண்டாம். 200 கி.மீ.க்குக் கெடு பதின்மூன்றரை மணி நேரம். கை தளர்ந்த பிறகு ஹேண்டில்பார் இம்மி அசைந்தாலும் அந்த வண்டி திரும்பிவிடும். ரேஸில் கூட்டத்துக்குள் புகுந்து வெளியேற அது வரம். ஈசிஆரில் திருப்பம் எங்கே இருக்கிறது? 71 டிகிரி, சேன்ஸ்டே 430க்கு மேல் பாருங்கள்.

செம்மண்_சக்கரம்: அண்ணா, ஹெட் ஆங்கிளை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க் திரும்பும் அச்சை அப்படியே கீழே நீட்டினால் தரையில் ஒரு இடத்தைத் தொடும். டயர் தரையைத் தொடுவது அதற்குக் கொஞ்சம் பின்னால். இந்த இடைவெளிதான் ட்ரெயில். கையில் தெரிவது பெரும்பாலும் இதுதான். 28 மி.மீ. டயருக்குக் கணக்குப் போட்டால், 73 டிகிரியும் ஃபோர்க் ரேக் (அந்தத் திரும்பும் அச்சிலிருந்து சக்கரத்தின் அச்சு முன்னே தள்ளி நிற்கும் தூரம்) 45 மி.மீ.யும் சேர்ந்து சுமார் 57 மி.மீ. ட்ரெயில் தரும். 71 டிகிரிக்கு ரேக் 55 என்றால் 59. இந்த இரண்டு மில்லிமீட்டரிலா ஒன்று முரடு, இன்னொன்று சாது? அதே 71க்கு ரேக் 45 வைத்தால் 69 ஆகிவிடும், அது வேறு வண்டி.

உப்பளம்_ரைடர்: கணக்கு சரி தம்பி. ஆனால் ட்ரெயில் ஒன்றானால் வண்டியும் ஒன்றாகிவிடுமா? நீங்கள் சொன்ன 71/55இல் முன்சக்கரம் தள்ளி நிற்கும், வீல்பேஸ் (இரு சக்கர அச்சுகளுக்கும் இடையிலான தூரம்) நீளும். சேன்ஸ்டேயும் நீளமாக இருந்தால் கேரியர் பையில் குதிகால் இடிக்காது. சுமையோடு நேராகப் போக இவையெல்லாம் வேண்டும்.

பாகூர்_பெடல்: எதற்கு இந்தச் சண்டை? சக்கரம் சுற்றுவதால்தானே சைக்கிள் விழாமல் நிற்கிறது!

உப்பளம்_ரைடர்: அது மட்டுமே காரணம் என்பது பழைய கதை. சுழற்சி விளைவை ரத்து செய்து, ட்ரெயிலையும் லேசாக எதிர்ப்பக்கம் வைத்து ஒரு சோதனை வண்டி செய்தார்கள். தள்ளிவிட்டால் அதுவும் தானாகவே நிமிர்ந்து ஓடியது. 2011இல் சயன்ஸ் இதழில் வந்தது. ட்ரெயில் பக்தர்களும் கவனிக்க!

செம்மண்_சக்கரம்: அந்த வண்டியில் ஆள் ஏறி மரக்காணம் போகவில்லையே, அண்ணா. கடைக்குப் போனால் முதலில் ஃபிரேமில் 38 மி.மீ. டயர் நுழையுமா என்று பாருங்கள், மஞ்சக்குப்பத்தாரே. நுழையாவிட்டால் ஆரோவில் பக்கம் மழைக்காலத்தில் சேறு அப்பி நிற்பீர்கள். நுழைந்தால் ட்ரெயிலும் 3 மி.மீ. கூடும். செம்மண் என்றதும் 65 டிகிரி மலை சைக்கிள் பக்கம் போகாதீர்கள். செங்குத்துச் சரிவில் ஆளைக் குப்புறத் தள்ளாமல் இருக்கத்தான் அந்தச் சாய்வு. இங்கே சரிவு ஏது? மெதுவாக மிதித்தால் முன்சக்கரம் அலையும்.

பாகூர்_பெடல்: சரி, 200 கி.மீ.க்கு முதலில் வலிப்பது கழுத்தா, ஹேண்டிலா? ஸ்டாக் (பெடல் அச்சிலிருந்து ஃபிரேமின் முன்முனை எவ்வளவு உயரம்), ரீச் (எவ்வளவு முன்னே) இரண்டையும் ஒருவரும் கேட்கவில்லை. ஹேண்டில்பார் தாழ்வாகவும் எட்டவும் இருந்தால் எந்த டிகிரியும் காப்பாற்றாது.

உப்பளம்_ரைடர்: இதை ஒப்புக்கொள்கிறேன். இன்னொன்று: மதியத்துக்கு மேல் வடக்கே போனால் கடல் காற்று வலப்பக்கம் அறையும். காற்றைப் பிடிக்கும் 50 மி.மீ. உயர ரிம் மாட்டிவிட்டு ஜியோமெட்ரியைத் திட்டாதீர்கள்.

மஞ்சக்குப்பத்தான்: அந்த ஃபிரேமில் 32க்கு மேல் டயர் நுழையாதாம். வேறு பார்க்கிறேன்.