எவர்னில் போட்டும் ஓக்மாஸின் ஈரம் வரவில்லை

ஈரப்பட்டை:
நான்கு மாதமாக ஒரு சிப்ரே வகை பெர்ஃப்யூம் கலவையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். மேலே பெர்கமாட் எண்ணெய், அடியில் லாப்டனம் பிசின், பச்சௌலி எண்ணெய், ஓக் மரத்துப் பாசி என்று சொல்லும் ஓக்மாஸ். முதலில் என்னிடம் இருந்தது, தெரிந்த ஒருவர் தந்த பழைய ஓக்மாஸ் அப்சல்யூட், அதாவது அடர்த்தியான மணச்சாறு. தார் மாதிரி கெட்டி, கரும்பச்சை. புட்டியில் பெயரைத் தவிர எந்த விவரமும் இல்லை. 10 சதவீதமாக ஆல்கஹாலில் கரைத்தேன். மழை நின்ற பிறகு மரப்பட்டையில் மூக்கை வைத்தது போன்ற வாசனை! கூடவே கொஞ்சம் மை, கொஞ்சம் கடல்பாசி. அதை மணிக்கட்டில் தடவித் தடவிப் பார்த்ததில் ஒரு மாதத்தில் அந்த இடம் சிவந்து அரிக்க ஆரம்பித்தது. நிறுத்திவிட்டேன்.

இப்போது அதற்குப் பதிலாக எவர்னில் என்ற செயற்கை மணப்பொடி வாங்கிப் போடுகிறேன். பாசி வாசனை இருக்கிறது. ஆனால் காய்ந்த பாசி, பவுடர் பூசிய மாதிரி. அந்த ஈரத்தை எப்படிக் கொண்டுவருவது? அரிப்புக்கும் வாசனைக்கும் சம்பந்தம் உண்டா?

அடிக்குறிப்பு:
சம்பந்தம் உண்டு, நண்பரே. இருபது வருடமாகக் கலக்கிக்கொண்டிருக்கிறேன், இந்த ஒரு பொருள்மேல் எனக்குத் தீராத ஆசை. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பெயரில் பாசி என்று இருந்தாலும் ஓக்மாஸ் பாசி இல்லை, லைக்கன். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து வாழும் உயிர். எவர்னியா புருனாஸ்ட்ரி என்பது பெயர். ஓக் கிளைகளில் மான்கொம்பு மாதிரி கிளைத்து வளரும். மேல்புறம் சாம்பல் பச்சை, அடிப்புறம் வெளுப்பு. பைன் மரத்தில் வளரும் ட்ரீமாஸ் வேறு இனம், அதன் அடிப்புறம் கருத்துப்போயிருக்கும்.

பறித்த லைக்கனுக்குப் பெரிதாக வாசனை கிடையாது. அதிலுள்ள அட்ரனோரின் போன்ற பெரிய மூலக்கூறுகள், ஈரப்படுத்திப் பிரித்தெடுக்கும்போது உடைகின்றன. அட்ரனோரின் உடைந்தால் ஒரு பாதி பாசி மணமுள்ள ஒரு சேர்மம். நீங்கள் எவர்னில் என்று வாங்கியது அதே மூலக்கூறுதான், ஆலையில் செய்தது. மறுபாதியிலிருந்து அட்ரனால் வருகிறது. குளோரின் சேர்ந்த அட்ரனோரினிலிருந்து குளோரோஅட்ரனால். தோல் ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் இந்த இரண்டும்தான், அதிலும் குளோரோஅட்ரனால் மிக நுண்ணிய அளவிலேயே வேலையைக் காட்டும். மணமும் அரிப்பும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்!

ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் இவ்விரண்டையும் அழகுசாதனங்களில் தடை செய்தது. 2021 ஆகஸ்டுக்குப் பிறகு அவற்றைக் கொண்ட பொருள் விற்பனையில் இருக்கவே கூடாது. ஓக்மாஸ் மொத்தமாகத் தடைசெய்யப்படவில்லை. இந்த இரண்டையும் நீக்கிய அப்சல்யூட் கிடைக்கிறது. வாசனைத் தொழிலின் உலக அமைப்பான இஃப்ராவின் விதிப்படி சாற்றில் ஒவ்வொன்றும் 100 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 100 பங்கு) கீழே இருக்க வேண்டும், முடிந்த பெர்ஃப்யூமில் ஓக்மாஸ், ட்ரீமாஸ் இரண்டும் சேர்ந்தே 0.1 சதவீதம்தான். 30 கிராம் புட்டிக்கு 0.03 கிராம். உங்கள் 10 சதவீதக் கரைசலில் கணக்குப் போட்டால் 0.3 கிராம்.

ஆனால் உங்களுக்கு இந்தக் கணக்கு வேண்டாம். தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது பெரும்பாலும் போகாது. தோல் மருத்துவரிடம் ஒட்டுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். வாசனை ஒவ்வாமைக்கு அவர்கள் வழக்கமாக ஒட்டும் கலவையிலேயே ஓக்மாஸ் உண்டு. அதுவரை காகிதப் பட்டையில் மட்டும் முகருங்கள். தயவுசெய்து அந்தப் பழைய புட்டியை மறுபடி திறக்காதீர்கள்.

வெட்டிவேர்க்காரி:
அண்ணா சொன்னது சரி. ஈரத்துக்கு என் கைமுறை: எவர்னில் மட்டும் போட்டால் எலும்பு மட்டும்தான் நிற்கும். சதைக்கு ஆர்சினில் என்ற மணப்பொருள் 3 துளி சேருங்கள். அதுவும் இயற்கை ஓக்மாஸில் உள்ள மூலக்கூறுதான், மை வாசனை அதில்தான் எனக்குக் கிடைத்தது. 1 சதவீதமாகக் கரைத்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள், கூடினால் மருந்துக்கடை வாடை அடிக்கும். கடல் ஈரத்துக்குக் கடற்பாசி அப்சல்யூட், பச்சையான லெதர் வாடைக்கு ஐசோபியூட்டைல் குயினோலின், இரண்டும் ஊசிமுனை அளவு. அடியில் வெட்டிவேர் எண்ணெய். அப்புறம் மூன்று வாரம் தொடாமல் வையுங்கள். இது நான் தோற்றுத் தோற்றுக் கற்றது: முதல் நாள் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள்.

ஈரப்பட்டை:
இருவருக்கும் நன்றி. மருத்துவரிடம் நாள் வாங்கிவிட்டேன். மூன்று வாரம் முடிந்து இன்று காகிதத்தில் முகர்ந்தேன். ஈரம் வந்திருக்கிறது! பட்டை அளவுக்கு இல்லை, பட்டைக்குக் கீழே இருக்கும் மண் அளவுக்கு. ஆர்சினிலை ஒரு துளி குறைத்து இன்னொரு புட்டி போட்டு வைத்திருக்கிறேன்.