வாயுத் தொல்லை என்று நினைத்திருந்தேன்

கணக்கு வாத்தியார், முசிறி:

எனக்கு மனச்சோர்வு வயிற்றில்தான் வந்தது. அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் மேசையில் கிடந்தன. பத்தொன்பது நாள் அந்தக் கட்டின் நூலைக்கூட நான் அவிழ்க்கவில்லை. கடைசியில் சக ஆசிரியர்தான் திருத்திக் கொடுத்தார். சாப்பிட்டால் நெஞ்சை அடைத்தது, நடந்தால் கால் கனத்தது. வாயு என்று முடிவுகட்டி ஓமத் தண்ணீர், பூண்டுப் பால், அப்புறம் இ.சி.ஜி., எண்டோஸ்கோப்பி. ஒன்றிலும் கோளாறு இல்லை. இல்லை என்று சொல்லச் சொல்ல எனக்குப் பயம் கூடியது. அழுகை வரவில்லை. பேரன் தவழ்ந்து வந்து மடியில் ஏறினாலும் உள்ளே ஒன்றும் அசையவில்லை, அவ்வளவுதான்.

மனநல மருத்துவர் என்று மனைவி பேச்செடுத்தபோது கத்தினேன். எங்கள் பக்கத்தில் ஒருவனைக் கேலி செய்ய "இவனைக் குணசீலத்துக்கு அனுப்ப வேண்டும்" என்பார்கள்; மனம் பேதலித்தவர்களைப் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிவந்து தங்கவைக்கும் ஊர் அது. வகுப்பில் நானே எத்தனையோ பையன்களிடம் அதைச் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் தன் முழங்கால் வலிக்கு என்று சொல்லி அவள் என்னை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். ஓ.பி. சீட்டில் என் பெயர் இருந்தது. மருத்துவர் வயிற்றைத் தொடவேயில்லை. "காலையில் எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது சார்?" என்றார். மூன்று மணி. அதுவரை யாருமே கேட்காத கேள்வி. பிறகு ஒரு தாள்: ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் அப்படி இருந்தது என்று ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. மொத்தம் 27. மார்க் போட்டே பழகியவன் 19 வாங்கினேன். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பைப் பற்றியது. மனைவியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுத்தான் அதற்குப் பதில் சொன்னேன்.

தைராய்டுக்கு இரத்தம் எடுத்தார்கள். அது குறைந்தாலும் ஆளை இப்படிச் சாய்க்குமாம். பிறகு மாத்திரை. முதல் வாரம் குமட்டல். பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாக்குப்பிடித்தேன். ஐந்தாவது வாரம் திருப்புதல் தேர்வுத் தாள்களை எடுத்து உட்கார்ந்தேன். ஒரு பையன் 3-இன் வர்க்கம் 6 என்று எழுதியிருந்தான். எனக்குக் கோபம் வந்தது! அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து மனைவி சிரித்தாள்.

இரண்டாவது மாதம், சரியாகிவிட்டது என்று நானாகவே மாத்திரையை நிறுத்தினேன். முதலில் தலைசுற்றல், பின்னாலேயே பழைய மூன்று மணி விழிப்பு. மருத்துவர் திட்டவில்லை. குணமான பிறகும் ஆறு மாதமாவது சாப்பிட வேண்டும், நிறுத்துவதும் படிப்படியாகத்தான் என்றார்.

கைக்குழந்தைக்காரி, தஞ்சாவூர்:

சார், என் தூக்கத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பிள்ளை பெற்றவளுக்கு ஏது தூக்கம் என்றார்கள். பிள்ளை தூங்கும்போதும் நான் விழித்திருந்தேன் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. ஓர் இரவு கொல்லைப்புறம் நின்று 14416-ஐ அழைத்தேன். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் இலவச எண், டெலி மானஸ். தமிழிலேயே பேசினார்கள். "குழந்தை இப்போது யாரிடம் இருக்கிறது அம்மா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். சந்தேகப்படுகிறார்களோ என்று சுருக்கென்றது, அப்புறம்தான் அழுதேன். பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரைகள் உண்டு என்பது மருத்துவரிடம் போன பிறகே தெரிந்தது.

திருச்சித் தம்பி:

என் அண்ணன் வரவே மாட்டேன் என்கிறார். உங்கள் வீட்டம்மா செய்ததுபோல் ஏமாற்றிக் கூட்டிப்போகலாமா சார்?

கணக்கு வாத்தியார், முசிறி:

வேண்டாம் தம்பி. அதற்காக நான் அவளிடம் ஒரு வாரம் பேசவில்லை. மனம் என்ற சொல்லையே எடுக்காமல் தூக்கத்தைப் பற்றிக் கேளுங்கள். தூக்கத்துக்கு மருந்து கேட்க யாரும் கூச்சப்படுவதில்லை. சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் நாள் பார்க்காதீர்கள், தனியே விடாமல் அன்றைக்கே கூட்டிப்போங்கள். வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்கத் திருச்சிக்கு வருகிறேன். அண்ணனுக்குச் சம்மதம் என்றால் சொல்லுங்கள், ஓ.பி. வாசலில் நிற்கிறேன்.