சூடானதும் இறுகும் மொசின் போல்ட்: காரணம் என்ன?

நான் கல்லடியில் லேத் வேலை செய்கிறேன். கனடாவில் லைசென்ஸோடு சுடுதளத்துக்குப் போகும் தம்பியின் துப்பாக்கிக்குத்தான் இந்த உதவி. மொசின் நாகன் 91/30 என்ற பழைய சோவியத் இராணுவ ரைஃபிள், 1943இல் இஷெவ்ஸ்க் ஆலையில் செய்தது, 7.62×54ஆர் தோட்டா போடுவது, போன வருடக் கடைசியில் மலிவாக வாங்கியது. கொஞ்சம் சுட்டுச் சூடானதும், குழலின் பின்பக்கத்தைத் திறந்து மூடும் போல்ட்டின் கைப்பிடி எழும்பாது, உள்ளங்கையால் அடித்துத்தான் திறக்கிறான். அரக்குப் பூசிய இரும்புத் தோட்டாக் கோதில்தான் இப்படி, பித்தளையில் பிரச்சினை இல்லை. மண்ணெண்ணெய், சுடுநீர், சேம்பர் (தோட்டா அமரும் குழி) பிரஷ் எல்லாம் போட்டுத் தேய்த்தாச்சு, இன்னும் கோதில் பழுப்புக் கறை ஒட்டி வருகிறது. கூடச் சுடுபவர்களில் ஒருவர் அரக்கு உருகுது என்கிறார், இன்னொருவர் களஞ்சியத்தில் துருப்பிடிக்காமல் பூசிய காஸ்மோலின் கிரீஸ் மிச்சம் என்கிறார், மற்றவரோ மலிவுச் சாமான் இப்படித்தான், விட்டுத்தள்ளு என்கிறார். அதை மட்டும் நான் ஏற்கமாட்டேன், எண்பது வருடம் தாங்கிய இரும்பு அது. சேம்பரில் இருப்பது கிரீஸ் மிச்சமா, தேய்மானமா என்று உறுதியாகப் பிரித்தறிவது எப்படி?