வினிகர் வாடை அடிக்கும் மைக்ரோஃபிலிம்: ஸ்கேன் பண்ணிட்டு ரோலைத் தூக்கிப் போடலாமா?

கேள்வி:
பழைய பதிவேடுகளைப் படம்பிடித்த 35 மிமீ மைக்ரோஃபிலிம் 60 ரோல் என் பொறுப்பில் இருக்கிறது. சில டப்பாவைத் திறந்தாலே வினிகர் வாடை மூக்கைத் துளைக்குது. "எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணி ஒரு ஹார்ட் டிஸ்க்ல ஏத்திட்டு, ரோலைக் கடாசிடுங்க" என்கிறார் மேலதிகாரி. எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?

பதில் 1:
கடாசிடாதீங்க சார். முதல்ல ரோலைப் பக்கவாட்டில் விளக்குக்கு நேரே பிடிச்சுப் பாருங்க. வெளிச்சம் ஊடுருவினா ஃபிலிமின் அடித்தளம் பாலியெஸ்டர், இருட்டடிச்சா அசிட்டேட்; ரெண்டும் பிளாஸ்டிக் வகைகள். வாடை வர்றது அசிட்டேட்டில்தான். அதிலிருந்து கசியும் அசிட்டிக் அமிலமே சிதைவை இன்னும் முடுக்கும், பக்கத்து ரோலையும் கெடுக்கும். அதனால இன்னிக்கே தனியா எடுத்து வையுங்க. ஸ்கேனும் அதிலிருந்தே ஆரம்பிங்க. சுருங்கி நெளிஞ்சுட்டா மெஷினில் ஓடாது.

பாலியெஸ்டரில் இருக்கும் சில்வர் ஃபிலிமின் (வெள்ளியால் படம் பதிஞ்சது) கதை வேறு. ஒழுங்கா கழுவி, 21 டிகிரிக்குள், ஈரப்பதம் 50 சதவீதம் தாண்டாம வெச்சா 500 வருஷம் என்பது தரநிலைக் கணக்கு. படிக்க ஒரு லென்ஸும் விளக்கும் போதும். டயஸோ நகலுக்கு (வெள்ளிக்குப் பதில் சாயத்தால் படம் பதிஞ்சது) இந்தக் கணக்கு பொருந்தாது.

பதில் 2:
நான் ஸ்கேன் கட்சி. ஒரு பெயரைத் தேட ரீடரில் கைப்பிடியைச் சுத்திச் சுத்தித் தோள்பட்டை விட்டுப்போனவன் நான். ஆனா ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கை நம்பறது பாதுகாப்பே இல்லை. டிஃப் (TIFF) படக் கோப்பா எடுங்க, மூணு பிரதி, அதில் ஒண்ணு வேற ஊரில். ஸ்கேன் ஆன அன்னிக்கே எஸ்எச்ஏ-256 செக்சம் (கோப்பு மாறிடுச்சான்னு காட்டும் எண்) எழுதி வெச்சு, வருஷா வருஷம் ஒத்துப்பாருங்க. பிரதியைக் காந்த டேப்பில் வெச்சாலும் அப்படியே விட முடியாது: எல்டிஓ என்ற டேப் வகையில், எட்டாம் தலைமுறை (எல்டிஓ-8) டிரைவ் ஆறாம் தலைமுறை (எல்டிஓ-6) டேப்பைப் படிக்காது. சில வருஷத்துக்கு ஒருமுறை மாத்தியே ஆகணும். அந்தச் செலவுக்கு மேலதிகாரி கையெழுத்துப் போடுவாரான்னு இப்பவே கேட்டுடுங்க.

கேட்டவர்:
கேட்டேன். "அப்புறம் பார்க்கலாம்" என்றார். அப்போ பாலியெஸ்டர் ரோல்கள் பத்திரமா இருக்கட்டும், தேடறதுக்கு ஸ்கேன்னு முடிவு பண்ணிட்டேன். 11 ரோல் அசிட்டேட், பிரிச்சாச்சு. பாலியெஸ்டர் ரோல் ஒண்ணில் குண்டூசி முனை அளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். பூஞ்சையா?

பதில் 1:
பூஞ்சையா இருக்காது, ரெடாக்ஸ் புள்ளி மாதிரி தெரியுது. மட்டமான அட்டைப் பெட்டி, புதுப் பெயின்ட் விடும் ஆவியில் வெள்ளி ஆக்சிஜனேற்றம் ஆகி வருவது. அமிலமில்லாத பெட்டிக்கு மாத்துங்க. ரப்பர் பேண்ட் போட்டிருந்தா கழட்டிடுங்க, அதில் இருக்கும் கந்தகமும் வெள்ளியைக் கெடுக்கும்.

கேட்டவர்:
போட்டிருக்கு சார். அறுபதிலும்.