லாடம் மாத்தினதும் நடையே மாறிடுச்சு, உங்களுக்கும் இப்படி நடந்திருக்கா?

கோபிக்காரன்:
ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஆடியில, அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில ஒரு மார்வாரி பெட்டைக் குதிரை வாங்கினேனுங்க. வித்தவர் ஓட்டிக் காட்டினப்போ மேல உக்காந்திருந்த பையனோட தோள்கூட அசையலை. அதான் ரவால் நடை. டிராட்ல, அதாவது குதிரை எதிரெதிர் மூலைக் காலை ஜோடியா வச்சுத் துள்ளி ஓடுற ஓட்டத்துல, ஒரு கணம் நாலு காலும் தரையை விட்டு எழும்பி விழும், நம்ம இடுப்பு அப்போதான் அடி வாங்கும். ரவால்ல அந்தத் தூக்கிப் போடுறதே கிடையாது.

மூணு மாசம் சொகமா ஓட்டினேன். அப்புறம் எங்க ஊர்ல மாட்டுக்கு லாடம் கட்டுறவரையே கூப்பிட்டுக் குதிரைக்கும் அடிக்கச் சொன்னேன். தப்பு என்னோடதுதான். கையில இருந்த லாடம் அளவு சின்னது. லாடத்துக்கு வெளிய நின்ன குளம்போட பின்பக்கத்தை, அதான் குதியை, சீவித் தள்ளிட்டாரு, முன்பக்க முனையைத் தொடவே இல்லை. மறுநாள்ல இருந்து நடக்கும்போது டக் டக்னு இரும்புச் சத்தம். முனை நீண்டுபோனதால முன்னங்கால் தரையை விட்டுக் கிளம்பத் தாமசம், அதுக்குள்ள பின்னங்கால் வந்து இடிக்குது. ரவாலும் இல்லை, டிராட்டும் இல்லை, உரல்ல போட்டு இடிச்ச மாதிரி ஒரு உலுக்கல்.

கடைசியில குதிரைக்கே லாடம் அடிக்கிற ஒருத்தரைக் கோயமுத்தூர்ல இருந்து வரவச்சேன். அவர் வந்ததும் காலைத் தூக்கலை. சிமெண்ட் தரையில நடக்கவிட்டுப் பக்கவாட்டுல உக்காந்து பார்த்தாரு. அப்புறம் ஒரு ஈர்க்குச்சியைக் குளம்போட முன்பக்கத்துல சாய்ச்சு வச்சாரு. அந்தக் குச்சி மேல மொழி வரைக்கும், அதாவது குளம்புக்கு மேல இருக்கிற கணு மூட்டு வரைக்கும், ஒரே கோடாப் போகணுமாம். எங்களுதுல குளம்புக்கு மேல உடைஞ்சு நின்னுச்சு. முனையைக் குறைச்சு, பின்னாடி கொஞ்சம் நீளம் விட்டு, லேசான லாடம் அடிச்சாரு. குளம்பு மாசத்துக்கு ஒரு சென்டிமீட்டர்கூட வளராதே, அதனால ரெண்டாவது லாடத்துலதான் பழைய நடை முழுசாத் திரும்புச்சு.

ஜட்கா வீட்டுப் பையன்:
எங்கப்பா பழனியில குதிரை வண்டி ஓட்டினவர். வண்டிக் குதிரை மேல யாரு உக்காரப் போறா, சொகத்தை யாரு பார்த்தா? ஆனா ராத்திரி வீடு திரும்பும்போது பேச்சை நிறுத்திட்டு ரோட்டுச் சத்தத்தைக் கேப்பார். நாலு அடியும் ஒரே மாதிரி விழணும். ஒண்ணு மட்டும் ‘சளக்’னு கேட்டா ஆணி தளர்ந்திருக்குன்னு அர்த்தம், வண்டியை அங்கேயே ஓரங்கட்டிடுவார்.

காத்தியாவாரி:
அண்ணா, எல்லாத்தையும் லாடம் தலையில போடாதீங்க. என் குதிரைக்கு மொழிக்கும் குளம்புக்கும் நடுவுல இருக்கிற பகுதி குட்டை, தூண் மாதிரி நிமிர்ந்து நிக்கும். தோளும் அப்படித்தான். அந்த இடம் 45லிருந்து 50 டிகிரி வரை சாய்ஞ்சிருந்தா ஸ்பிரிங் மாதிரி அடியை வாங்கிக்கும். என்னுது கிட்டத்தட்ட 60. மூணு பேரு லாடம் அடிச்சாச்சு, முதுகுக்கு வர்ற குத்து அப்படியேதான் இருக்கு.

அதுபோக இடது முன்னங்கால் முனை வெளிப்பக்கம் திரும்பியிருக்கும், ஓடும்போது உள்வாங்கி அடுத்த காலைத் தட்டும். ஒருத்தர் ஒரு பக்கத்தை மட்டும் சீவி நேராக்குறேன்னாரு. குதிரை பத்து நாள் நொண்டுச்சு. குட்டியா இருக்கும்போது செய்ய வேண்டிய வேலை அது, எட்டு வயசுல எலும்பு திரும்புமா? இப்போ காலுக்குப் பட்டை கட்டிட்டு ஓட்டுறேன்.

மெரினா ரவுண்டு:
கோபி அண்ணா, விக்கும்போது என்ன லாடம் இருந்துச்சுன்னு பார்த்தீங்களா? கனமான இரும்பை அடிச்சு முழங்காலை உசரத் தூக்கவச்சுக் காட்டுறவங்க உண்டு.

கோபிக்காரன்:
அட, அதை யோசிக்கலையே தம்பி. அந்தப் பழைய லாடத்துல ஒண்ணை வீட்டு வாசல்ல மாட்டியிருக்கேன். கழட்டினா அம்மா திட்டுவாங்க. அவங்க சந்தைக்குப் போற நேரம் பார்த்து எடை போட்டுட்டு வந்து சொல்றேன்.