பாரிசவாதம் வந்த பிறகு மனுசன் என்னோட மட்டும் எரிஞ்சு விழுறார், என்ன செய்யிறது?

கொட்டாஞ்சேனைக்காரி
வணக்கம், பெயர் வேண்டாம். இவருக்கு போன வருசம் பாரிசவாதம் வந்து வலது கையும் காலும் இழுத்துப்போட்டுது. கால் ஓரளவு வந்திட்டுது, தடியோட நடக்கிறார், கைதான் இன்னும் வரேல்ல. முந்தி புறக்கோட்டையில ஒரு ஹார்ட்வெயார் கடையில கணக்கு எழுதினவர், இப்ப வீட்டிலதான். நான் விடிய எழும்பி சமைச்சு, இவரைக் குளிப்பாட்டி, சேர்ட் பட்டன் பூட்டி விட்டிட்டு வேலைக்கு ஓடுறன், பட்டன் பூட்டேக்க முகத்தை அங்கால திருப்பிக்கொண்டு நிப்பார். வாடகை, பிள்ளையின்ர டியூஷன், மருந்து எல்லாம் என்ர சம்பளத்தில, நகை அடகில. அது பரவாயில்லை. பாக்க வாற சனத்தோட சிரிச்சுக் கதைக்கிறவர் என்னட்ட மட்டும் சோத்துக்கு உப்பில்லை, ஏன் லேட், போன்ல ஆரு எண்டு கத்துறார். ஏரிஎம் கார்ட் என்னட்ட, பேப்பர் வாங்கவும் காசு என்னட்டத்தான் கேக்கவேணும், கேக்கமாட்டார், பேப்பர் இல்லாமலே இருப்பார். மாமி சொல்லுறா "வருத்தக்காரன்தானே, பொறுத்துப்போ" எண்டு. எனக்கு ஒண்டு வந்தா ஆர் பொறுக்கிறது? இது வருத்தத்தால வாறதா, இல்லாட்டி இவற்ற குணமே இதுதானா?

வாட்டு மிஸ்
ரெண்டும் கலந்து இருக்கலாம் அக்கா, ஆனா வருத்தத்தின்ர பங்கைக் குறைச்சு நினைக்காதேங்கோ. ஸ்ட்ரோக் வந்தவையில மூண்டில ஒராள் அளவுக்கு டிப்ரெஷன் வரும், அது ஆம்பிளையளில கன நேரம் அழுகையா வராது, கோவமாத்தான் வரும். மூளையில அடிபட்ட இடத்தைப் பொறுத்து கோவத்தை அடக்குற பிரேக்கே லூசாகிறதும் உண்டு. வெளிச்சனத்துக்கு முன்னால இழுத்துப்பிடிச்சு வச்சிருந்திட்டு வீட்டில விடுவினம். இதுக்கு மருந்து இருக்கு, கிளினிக்கில சொன்னாத்தான் தருவினம். கைக்கு ஃபிசியோவோட நிக்காம ஒக்குபேஷனல் தெரப்பியும் கேளுங்கோ, ஒரு கையால பட்டன் பூட்டப் பழக்குறது அவையின்ர வேலைதான். ராகம புனர்வாழ்வு ஆஸ்பத்திரிக்கு கடிதம் தருவினமோ எண்டும் கேட்டுப் பாருங்கோ.

சும்மா_ஒருத்தன்
கோவிக்காதீங்க, ஒன்னு சொல்றேன். நீங்க கூட இருக்கீங்க. இதே வருத்தம் உங்களுக்கு வந்திருந்தா அவரு இருந்திருப்பாரா? 2009ல அமெரிக்காவுல மூளைக்கட்டி, கேன்சர், எம்எஸ்ங்கிற நரம்பு வருத்தம் வந்த 515 பேர பாத்திருக்காங்க, பொம்பள நோயாளியா இருந்தா 20.8 வீதம் பிரிஞ்சிருக்கு, ஆம்பள நோயாளின்னா 2.9 தான். நம்ம ஊர்ல டிவோர்ஸ் எடுக்க மாட்டாங்க, ஆனா பொம்பளைய தாய் வீட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வர்ற கதை எத்தன கேட்டிருப்போம்.

வெள்ளவத்தை வாசகன்
அந்த நம்பரை எல்லாருக்கும் பொருத்தாதேங்கோ தம்பி. 2015ல இன்னொரு ஆய்வு, மனுசிக்கு வருத்தமெண்டா டிவோர்ஸ் கூடுதெண்டு பேப்பரிலயெல்லாம் வந்து, பிறகு அவையே வாபஸ் வாங்கினவை. ஆய்வில இருந்து இடையில விலகின ஆக்களையும் டிவோர்ஸ் எண்டு கணக்கில போட்டிட்டினமாம், திருத்திப் பாத்தா இருதய வருத்தத்தில மட்டும்தான் வித்தியாசம் மிஞ்சினது. அதோட அவ கேட்டது வேற கேள்வி.

டயலிசிஸ்காரன்
நான் மற்றப் பக்கத்தில இருந்து சொல்லுறன் தங்கச்சி. எனக்கு கிட்னி, கிழமைக்கு மூண்டு தரம் நாலு நாலு மணித்தியாலம் மெஷின்ல படுக்கிறன். 2022ல பெற்றோல் இல்லாத நேரம் மனுசி விடியப்புறம் கியூல நிண்டு ஓட்டோக்கு அடிச்சுத்தான் என்னைக் கொண்டுபோனவ. நன்றி இருக்கு, ஆனா நன்றி சொல்லிச் சொல்லியே ஒரு வீட்டில இருக்கிறது ஆம்பிளைக்கு மட்டுமில்லை ஆருக்கும் சரியான கஷ்டம், அது எரிச்சலாத்தான் வெளியில வரும், அதுவும் ஆர் விட்டிட்டுப் போகாயினமெண்டு நம்பிக்கை இருக்கோ அவையிலதான் வரும். கணக்கு எழுதின மனுசன் எண்டுறீங்கள், வீட்டுக் கணக்கை அவரிட்டக் குடுங்கோ. வாடகை, லைட் பில், அடகு வட்டி எந்தத் திகதி எண்டு இடக்கையால எழுதட்டும், கோணல்மாணலா வரும், வரட்டும். கார்ட்டையும் மேசையில வையுங்கோ.

ஒருத்தரும் கதைக்காத இன்னொண்டு, புருசன் பெண்சாதி உறவு. திரும்ப அட்டாக் வந்திடுமெண்ட பயத்தில கன பேர் தள்ளிப் படுக்கினம், தள்ளிப் படுத்தா அவருக்கு வேற சந்தேகம் வரும். பிரஷர் கொன்ட்ரோல்ல இருந்தா அனேகமா பயமில்லை, சில பிரஷர் குளிசையால அந்த விசயம் குறையிறதும் இருக்கு. டொக்டரிட்ட வெட்கப்படாமக் கேளுங்கோ, தானா குளிசையை நிப்பாட்ட வேண்டாம்.

கொட்டாஞ்சேனைக்காரி
அண்ணா, கடைசியா எழுதினதை வாசிச்சிட்டு கொஞ்ச நேரம் பேசாம இருந்தன். போன்ல ஆரு எண்டு கேக்கிறதும் அதாலதானோ தெரியாது. கணக்குக் கொப்பி வாங்குறன். ஆனா மிஸ், கிளினிக்கில அவர் பக்கத்தில இருக்கேக்க "இவர் கத்துறார்" எண்டு எப்பிடிச் சொல்லுறது? வீட்ட வந்து அதுக்கும் சேத்துக் கத்துவார்.

வாட்டு மிஸ்
பிரஷர் பாக்க அவரை உள்ள கூப்பிடேக்க நீங்கள் கடுதாசித் துண்டில நாலு வரி எழுதி கிளினிக் கொப்பிக்குள்ள வச்சிடுங்கோ, "நித்திரை குறைவு, கோவம், ஒண்டிலயும் விருப்பமில்லை" எண்டு. டொக்டர் தானா கேக்கிற மாதிரிக் கேப்பார். அதோட உங்களுக்கும் ஏலாமப் போனா 1926க்கு எடுங்கோ, அங்கொடை தேசிய மனநல நிறுவனத்தின்ர நம்பர், அது நோயாளிக்கு மட்டுமில்லை. மாமி ஞாயிறுகளில வந்து அவரோட இருக்கட்டும், பொறுக்கச் சொன்னவ தானே.