கானா பதிவில் வெடிப்புச் சத்தம்: வழி சொல்லுங்கள்

வியாசர்பாடியில் வீட்டு அறையிலேயே கானா பாடல்கள் பதிவு செய்கிறேன். பொங்கலுக்குப் பிறகு ஹெட்போனில் படபடவென்று வெடிப்புச் சத்தம். பதிவான கோப்பிலும் அதே வெடிப்பு.

விண்டோஸ் 11 லேப்டாப், 16 ஜிபி ராம், எஸ்எஸ்டி, யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ், ரீப்பர் மென்பொருள், 48 கிலோஹெர்ட்ஸ். பஃபர் (ஒலியைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அனுப்பும் அளவு) 128 சாம்பிளில் வெடிக்கிறது. 512 வைத்தால் அடங்குகிறது. ஆனால் ஒலி உள்ளே வர 10.7, வெளியே போக 10.7 மில்லிவினாடி ஆவதால், பாடுபவரின் குரல் அவர் காதுக்கே பிந்திப் போகிறது. டோலக் அடிக்கு இது சரிப்படாது.

ஏஎஸ்ஐஓ டிரைவரை (தாமதம் குறைந்த ஆடியோ டிரைவர்) புதுப்பித்தேன். பவர் பிளானை மாற்றினேன், வைஃபையை அணைத்தேன், ஹப் இல்லாமல் நேரடியாகச் செருகினேன். ராம் கூட்டச் சொல்லாதீர்கள், பாதிகூட நிரம்பவில்லை. எந்த டிரைவர் தாமதம் செய்கிறது என்று காட்டும் லேட்டன்சிமான் கருவியில், மின்சக்தியைக் கவனிக்கும் ஏசிபிஐ டிரைவர்தான் சிவப்பில் நிற்கிறது.

பயாஸில் சி-ஸ்டேட்டை (பிராசசர் வேலையில்லாதபோது தூங்கும் நிலை) அணைப்பதா, டிவைஸ் மேனேஜரில் பேட்டரி டிரைவரை முடக்குவதா, எதை முதலில் செய்து பார்க்கலாம்?